மதராஸ் வானாய்வகமும் முதிர்நிலை விண்மீன்களின் ஒளிமாற்றப் பதிவுகளும் (1861–1891)

ஆய்வுச்சுருக்கம்

வாழ்நாளின் இறுதிக் கட்டத்தை அடைந்த விண்மீன்கள் ஒளியில் ஏறியிறங்குவது இன்று நன்கு விளக்கப்பட்ட நிகழ்வு. அந்த விளக்கம் உருவாவதற்கு ஏறத்தாழ நூறாண்டுகளுக்கு முன்பே, 1863இலும் 1867இலும், சென்னை நுங்கம்பாக்கத்தில் இருந்த மதராஸ் வானாய்வகத்தில் அத்தகைய இரு விண்மீன்கள் கண்டறியப்பட்டன. ஒன்றைக் கண்டவர் நார்மன் ராபர்ட் போக்சன். மற்றொன்றைக் கண்டவர் அவருடைய உதவியாளர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி. நிறுவனத்தின் முதன்மைப் பணி விண்மீன்களின் இடங்களை அளப்பதாக இருக்க, அதன் ஓரத்தில் விளைந்த ஒளிப்பதிவுகளே இன்றைய அறிவியலுக்குக் கூடுதலாகப் பயன்படுகின்றன என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: மாறொளி விண்மீன், செம்பெருமீன், வெண்குறுமீன், மதராஸ் வானாய்வகம், ரகுநாதாச்சாரி, போக்சன்.

முன்னுரை

தமிழகத்தின் அறிவியல் வரலாற்றை எழுதுவோர் மதராஸ் வானாய்வகத்தைப் பெரும்பாலும் இரண்டு செய்திகளுக்காக நினைவுகூர்கின்றனர். ஒன்று, நாட்டின் நில அளவைக்கும் நேரக் கணிப்புக்கும் அது அடிப்படையாக விளங்கியது. மற்றொன்று, 1899இல் அதன் வானியல் பணி கொடைக்கானலுக்கு மாற்றப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் அங்கே இரவுதோறும் நடந்த உழைப்பின் உள்ளடக்கம் அதிகம் பேசப்படவில்லை. ரகுநாதாச்சாரியைப் பற்றிய குறிப்புகளும் அவர் பெற்ற சிறப்பைச் சொல்லி நின்றுவிடுகின்றன. அவர் கண்ட விண்மீன் எத்தகையது, அதன் ஒளி ஏன் மாறுகிறது என்ற வினாக்களுக்குள் அவை செல்வதில்லை. கண்டறிந்தவரின் பெருமையைச் சொல்லிக் கண்டறியப்பட்ட பொருளை விட்டுவிடுவது அறிவியல் வரலாறு ஆகாது. எனவே இக்கட்டுரை விண்மீனிலிருந்து தொடங்குகிறது.

மாறும் ஒளி: மீரா முதல் மதராஸ் வரை

வானம் மாறாதது என்ற நம்பிக்கை ஐரோப்பாவில் வலுவாக இருந்த காலத்தில், 1596 ஆகஸ்டில் டேவிட் ஃபாப்ரிசியஸ் என்பவர் திமிங்கல விண்மீன் குழுவில் ஒரு விண்மீனைக் கண்டார். சில வாரங்களில் அது மறைந்தது. 1638இல் ஹோல்வார்டா அது மீண்டும் மீண்டும் தோன்றுவதை உணர்ந்தார். ஹெவேலியஸ் அதற்கு 'வியத்தகு விண்மீன்' என்னும் பொருளில் மீரா என்று பெயரிட்டார். ஏறத்தாழ 332 நாள்களுக்கு ஒருமுறை வெறுங்கண்ணுக்குத் தெளிவாகத் தெரியுமளவு ஒளிர்ந்து, பின்னர் தொலைநோக்கியின்றிக் காணவியலாத அளவு மங்கும் இந்த விண்மீனின் பெயராலேயே அவ்வகை முழுவதும் 'மீரா வகை' எனப்படுகிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இத்தகைய விண்மீன்களின் எண்ணிக்கை பெருகவே, அவற்றுக்குப் பெயரிடும் முறை ஒன்று தேவைப்பட்டது. ஜெர்மானிய வானியலாளர் ஆர்கெலாண்டர் ஒவ்வொரு விண்மீன் குழுவிலும் புதிதாகக் கண்டறியப்படும் மாறொளி விண்மீன்களுக்கு 'ஆர்' என்ற எழுத்திலிருந்து தொடங்கிப் பெயர் வைத்தார். இந்த வழக்கம் வரலாற்றாய்வாளருக்கு எதிர்பாராத ஒரு வசதியைத் தருகிறது. விண்மீனின் பெயரே அது கண்டறியப்பட்ட வரிசையைச் சொல்லிவிடும். ரகுநாதாச்சாரி கண்ட விண்மீனின் பெயர் ஆர் ரெட்டிகுலி. அதாவது, ரெட்டிகுலம் என்ற தென்வானக் குழுவில் இவ்வாறு பெயரிடப்பட்ட முதல் மாறொளி விண்மீன் அதுவே.

ஒளியை எண்ணால் குறிக்கும் முறைக்கும் மதராஸுக்கும் தொடர்புண்டு. விண்மீன்களை முதல் தரம், இரண்டாம் தரம் என்று பிரிப்பது பழைய கிரேக்க வழக்கம். எண் கூடக்கூட ஒளி குறையும். ஒரு தரத்துக்கும் அடுத்ததற்கும் இடையே எவ்வளவு வேறுபாடு என்பதில் நெடுங்காலம் ஒருமை இல்லை. 1856இல், ஆக்ஸ்ஃபோர்டில் உதவியாளராகப் பணிபுரிந்த இளைஞர் போக்சன், ஐந்து தரங்களின் வேறுபாடு நூறு மடங்கு என்று வைத்துக்கொள்ளலாம் என முன்மொழிந்தார். அப்படியானால் ஒரு தரத்துக்கு 2.512 மடங்கு. உலகெங்கும் இன்றும் இதுவே வழக்கு. இதே போக்சன்தான் 1861இல் மதராஸ் வானாய்வகத்தின் பொறுப்பை ஏற்று, 1891இல் இறக்கும்வரை அங்கேயே பணியாற்றினார்.

இட அளவையும் ஒளி அளவையும்

வில்லியம் பெட்ரி என்பவர் 1786இல் எழும்பூரில் சொந்தமாக அமைத்த சிறு வானாய்வகத்தைக் கிழக்கிந்தியக் கம்பெனி ஏற்றுக்கொண்டு, 1792இல் நுங்கம்பாக்கத்தில் அதற்கெனக் கட்டடம் எழுப்பியது. கருவியைத் தாங்க நிறுத்தப்பட்ட கருங்கல் தூண், தமிழ் உள்ளிட்ட மொழிகளில் பொறிக்கப்பட்ட கல்வெட்டுடன் இன்றும் அங்குள்ள வானிலை ஆய்வு மைய வளாகத்தில் நிற்கிறது. கம்பெனிக்கு வேண்டியவை கடற்பயணத்துக்கும் நில அளவைக்கும் உதவும் இடக்கணக்குகள். ஆகவே விண்மீன்களின் இடங்களைத் துல்லியமாகக் குறிக்கும் அட்டவணைகளே இந்நிறுவனத்தின் அடையாளமாயின. டெய்லர் 1844இல் வெளியிட்ட அட்டவணை 11,000க்கும் மேற்பட்ட விண்மீன்களைக் கொண்டது. போக்சன் காலத்திலும் 1862 முதல் 1887 வரை உச்சிவட்டக் கருவியைக் கொண்டு இடக்கணிப்பு தொடர்ந்தது.

உச்சிவட்டக் கருவி வடக்கு–தெற்குத் தளத்தில் மட்டுமே அசையும் தொலைநோக்கி. விண்மீன் உச்சிக்கோட்டைக் கடக்கும் நொடியையும் அதன் உயரத்தையும் குறித்துக்கொள்வதே நோக்கருக்கு இடப்பட்ட பணி. ஒளித்தரம் அருகில் எழுதப்படும் ஒரு துணைக் குறிப்பு. ஆனால் அதே விண்மீன் ஆண்டுகள் கழித்து மீண்டும் கருவியின் பார்வைக்கு வரும்போது, எழுதிய தரத்துக்கும் கண்முன் தெரியும் ஒளிக்கும் பொருந்தாமை ஏற்பட்டால் கூர்மையான நோக்கர் அங்கே நின்றுவிடுவார். இடத்தை அளக்கும் பணி ஒளிமாற்றத்தைப் பிடிக்கும் வலையாகவும் அமைந்தது இவ்வாறுதான்.

ரகுநாதாச்சாரியும் ஆர் ரெட்டிகுலியும்

சிந்தாமணி ரகுநாதாச்சாரி பஞ்சாங்கக் கணிப்பு மரபில் வந்தவர். 1840களில் இளம் வயதிலேயே வானாய்வகத்தில் சேர்ந்து, போக்சன் காலத்தில் முதல் உதவியாளர் நிலைக்கு உயர்ந்தார். 1868இன் முழுச் சூரிய மறைப்பின்போது வானாய்வகத்தின் ஒரு குழுவுக்கு வனபர்த்தியில் தலைமை தாங்கினார். 1872இல் லண்டன் அரச வானியல் கழகத்தின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் இந்தியர் அவர். 1874இன் வெள்ளிக் கடப்பை முன்னிட்டு ஆங்கிலத்திலும் இந்திய மொழிகள் சிலவற்றிலும் பொதுமக்களுக்காகக் கையேடு வெளியிட்டார். 1880 பிப்ரவரியில் மறைந்தார்.

அவர் ஆர் ரெட்டிகுலியின் ஒளிமாற்றத்தைக் கண்டறிந்தது 1867இல். இந்த விண்மீன் வான நடுவரையிலிருந்து ஏறத்தாழ 63 பாகை தெற்கே உள்ளது. சென்னையின் அகலாங்கு 13 பாகை வடக்கு. ஆகவே சென்னை வானில் அது எட்டும் பெரும உயரம் தென்தொடுவானிலிருந்து 14 பாகை மட்டுமே. கையை நீட்டி முட்டியைத் தொடுவானில் வைத்தால் ஏறத்தாழ ஒன்றரை முட்டி உயரம். ஜனவரியில் இரவு 9 மணியளவில் அது அந்த உயரத்தை அடையும். அவ்வளவு தாழ்வில் ஒளி தடித்த காற்றடுக்கைக் கடந்தே வரவேண்டும். கடலோர நகரின் ஈரமும் புகையும் கூடவே இருக்கும். லண்டனிலிருந்தோ பாரிஸிலிருந்தோ அந்த விண்மீன் ஒருபோதும் தொடுவானுக்கு மேல் எழுவதில்லை. இக்கண்டுபிடிப்பில் சென்னையின் நிலவியல் இருப்புக்குப் பங்குண்டு; ஆனால் 14 பாகை உயரத்தில் மங்கலாகத் தெரியும் ஒரு விண்மீன் மங்குவது காற்றாலா, விண்மீனாலா என்று பிரித்தறிவதற்கு நிலவியல் போதாது. பல்லாண்டுகள் அதே கருவியில் பழகிய கண் வேண்டும்.

இங்கு ஒரு கருத்தைக் குறிப்பிடலாம். ரகுநாதாச்சாரி வாக்கிய முறைக்கு மாறாகத் திருக்கணித முறையில் பஞ்சாங்கம் கணிக்கப்பட வேண்டும் என்று வாதிட்டு, அவ்வாறே வெளியிட்டும் வந்தவர். வழிவழியாக வந்த வாய்பாட்டைவிடக் கண்ணால் கண்டு சரிபார்த்த கணக்குக்கே முதன்மை என்பது அந்நிலைப்பாட்டின் உட்பொருள். அட்டவணை ஒன்று சொல்ல, வானம் வேறொன்று காட்டும்போது வானத்தையே நம்புவது என்ற அதே மனப்பாங்கு மாறொளி விண்மீனைக் காண்பதற்கும் வேண்டியதே. அவரது பஞ்சாங்கப் பணியையும் வானாய்வகப் பணியையும் மரபு, நவீனம் என்று இரு கூறாகப் பிரித்து எழுதும் வழக்கம் மறுபரிசீலனைக்குரியது.

விண்மீன் முதிர்கிறது என்பதை எப்போது அறிந்தனர்?

ஆர் ரெட்டிகுலி ஒரு மீரா வகை விண்மீன். ஏறக்குறைய 280 நாள்களில் ஒரு சுற்றை முடிக்கிறது. 1867இல் அதைக் கண்டவர்களுக்கு அது 'முதிய' விண்மீன் என்று தெரிந்திருக்க வழியில்லை. அக்காலக் கருத்துகளை வரிசைப்படுத்திப் பார்த்தால் ஒரு வேடிக்கை புலப்படும். ஸோல்னர் 1865இல், குளிர்ந்துவரும் விண்மீனின் மேல் கசடு போன்ற கருந்திட்டுகள் படிகின்றன. விண்மீன் சுழலும்போது அவை ஒளியை மறைக்கின்றன என்றார். ஃபோகல் 1874இல் வெள்ளை, மஞ்சள், சிவப்பு என்ற நிற வரிசையை வயது வரிசையாகவே கொண்டார். சிவந்தது முதியது என்ற முடிவு சரி, காரணம் தவறு. பின்னர் லாக்யர், சிவப்பு விண்மீன்களில் ஒரு பகுதி விண்கற்கூட்டங்களின் மோதலால் இப்போதுதான் வெப்பமடைந்துவரும் இளையவை என்றார். 1913–14இல் ஹென்றி நோரிஸ் ரஸ்ஸலும் செம்பெருமீன்களைப் பிறப்பின் தொடக்கத்தில் சுருங்கிவருபவையாகவே கருதினார். சரியான முடிவு, மேலும் நல்ல சான்றுகளோடு வந்தவர்களாலேயே கைவிடப்பட்டது! அறிவியலின் பாதை எப்போதும் ஒரே திசையில் ஏறிச் செல்வதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று அரிது.

தீர்வு 1950களில் கிடைத்தது. விண்மீனின் மையத்தில் ஹைட்ரஜன் எரிந்து தீர்ந்தபின் உள்ளகம் சுருங்க, வெளியடுக்குகள் விரிந்து குளிர்ந்து சிவக்கின்றன என்பதைச் சேண்டேஜ், சுவார்ஸ்சைல்டு, ஹாயில் ஆகியோரின் கணக்கீடுகள் காட்டின. 1952இல் பால் மெர்ரில் வேறொரு திசையிலிருந்து வலுவான சான்றை அளித்தார். சில சிவப்பு மாறொளி விண்மீன்களின் நிறமாலையில் டெக்னீசியம் என்னும் தனிமத்தின் கோடுகளை அவர் கண்டார். டெக்னீசியத்துக்கு நிலையான ஓரிடத்தான் எதுவும் இல்லை. மிக நீண்டு வாழ்வதும் சில மில்லியன் ஆண்டுகளில் பாதியாகக் குறைந்துவிடும். விண்மீனின் வயதோ பல நூறு கோடி ஆண்டுகள். ஆகவே அந்தத் தனிமம் விண்மீனுக்குள்ளேயே அண்மையில் உருவாகி மேலே வந்திருக்க வேண்டும். முதிர்ந்த விண்மீன் அணைந்துகொண்டிருக்கும் அடுப்பு அன்று, புதிய தனிமங்களைச் சமைக்கும் உலை என்பது அதனால் உறுதியாயிற்று.

மீரா வகை விண்மீனின் வெளியடுக்குகள் சீராக விரிந்து சுருங்குகின்றன. குளிர்ந்த கட்டத்தில் டைட்டானியம் ஆக்சைடு போன்ற மூலக்கூறுகள் பெருகி, கண்ணுக்குப் புலனாகும் ஒளியை விழுங்குகின்றன. மொத்த ஆற்றல் வெளியீடு அவ்வளவு மாறுவதில்லை; ஆற்றலின் பெரும்பகுதி அகச்சிவப்பில் செல்கிறது. நம் கண்ணுக்கு ஆயிரம் மடங்கு மங்கலாகத் தெரிவது இதனால்தான். இத்தகைய விண்மீன் தன் வெளியடுக்குகளைச் சிறிது சிறிதாக இழந்து, இறுதியில் எஞ்சும் அடர்ந்த உள்ளகமே வெண்குறுமீன்.

இந்த முதிர்ச்சியை மனித வாழ்நாளுக்குள் காண முடியுமா? சில நேர்வுகளில் முடியும். ஆர் ஹைட்ரே என்ற விண்மீனின் அலைவுக்காலம் பதினெட்டாம் நூற்றாண்டில் ஏறத்தாழ 495 நாள். இருபதாம் நூற்றாண்டின் நடுவில் 385 நாள் அளவுக்குக் குறைந்துவிட்டது. உள்ளே ஹீலிய அடுக்கில் திடீரென ஏற்படும் எரிவின் விளைவாக இது இருக்கலாம் என்பது ஒரு விளக்கம். இதை அறியும் ஒரே வழி, முந்நூறு ஆண்டுகளாக யாரோ எழுதிவைத்த உச்சநாள் குறிப்புகளை அடுக்கிப் பார்ப்பது. பழைய இடக்கணக்குகளுக்குப் பதிலாக இன்று விண்கலங்கள் பன்மடங்கு துல்லியமானவற்றைத் தருகின்றன. ஆனால் 1867இல் ஒரு விண்மீன் எவ்வளவு ஒளிர்ந்தது என்பதை எந்த விண்கலமும் திரும்பச் சென்று அளக்க முடியாது.

நம் நாட்காட்டியில் இடம்பெறும் திருவாதிரைக்கும் இது பொருந்தும். ஜான் ஹெர்ஷல் 1836இல் அதன் ஒளிமாற்றத்தைக் கவனித்தார். 2019–20 குளிர்காலத்தில் அது வழக்கத்துக்கு மாறாக மங்கியபோது, வெடிக்கப்போகிறதோ என்ற பேச்சு எழுந்தது. விண்மீன் உமிழ்ந்த பொருள் தூசாக உறைந்து மறைத்ததே காரணம் எனப் பின்னர் விளக்கப்பட்டது. அந்த மங்கல் எவ்வளவு அரிது என்று சொல்ல முடிந்தது, பல தலைமுறை நோக்கர்கள் எழுதிவைத்த மதிப்பீடுகள் இருந்ததால்தான்.

யூ ஸ்கார்பி: 1863இன் ஒரு மே இரவு

மதராஸின் மற்றொரு விண்மீன் வேறு வகையானது. 1863 மே 20 அன்று விருச்சிகக் குழுவில் ஏறத்தாழ 9ஆம் தரத்தில் ஒரு புதிய விண்மீனைப் போக்சன் கண்டார். சில வாரங்களுக்குள் அது கருவிக்கு எட்டாத அளவு மங்கிவிட்டது. யூ ஸ்கார்பி என்று பெயரிடப்பட்ட அது, மீண்டும் யாராலும் காணப்படாமல் பட்டியலில் ஒரு வரியாக மட்டும் தங்கியது.

ஹார்வர்டு வானாய்வகத்தின் பழைய ஒளிப்படத் தகடுகளை ஆராய்ந்தபோது 1906, 1936 ஆகிய ஆண்டுகளிலும் அதே இடத்தில் அது வெடித்திருந்தது தெரியவந்தது. பின்னர் 1979, 1987, 1999 எனத் தொடர்ந்தது. ஒரு வெண்குறுமீனும் அதற்கு மிக அருகில் 1.23 நாளுக்கு ஒருமுறை சுற்றிவரும் துணை விண்மீனும் கொண்ட இணை அது. துணையிடமிருந்து வழியும் ஹைட்ரஜன் வெண்குறுமீனின் மேல் படிந்து, போதிய அழுத்தம் எட்டியதும் அணுக்கரு வெடிப்பாகச் சிதறுகிறது. வெடித்தபின் மீண்டும் படியத் தொடங்குகிறது. இவ்வளவு குறுகிய இடைவெளியில் வெடிக்க வேண்டுமானால் வெண்குறுமீனின் நிறை அதன் உச்சவரம்பை நெருங்கியிருக்க வேண்டும். அந்த வரம்பு சூரியனைப் போல் ஏறத்தாழ 1.4 மடங்கு, அதை 1930இல் கப்பற்பயணத்தின்போது கணிக்கத் தொடங்கியவர், சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று அப்போதுதான் வெளியேறியிருந்த சுப்பிரமணியன் சந்திரசேகர். நுங்கம்பாக்கத்தில் காணப்பட்ட விண்மீனும் அதே நகரில் படித்தவர் கணித்த வரம்பும் இப்படிச் சந்திப்பது தற்செயல்தான். அதற்குமேல் அதில் பொருள் தேட வேண்டியதில்லை.

அமெரிக்க வானியலாளர் பிராட்லி ஷேஃபர், பழைய வெடிப்புகளின் வரலாற்றைக் கொண்டு அடுத்த வெடிப்பு 2009ஐ ஒட்டி நிகழும் என முன்னரே அறிவித்தார். 2010 ஜனவரி 28 அன்று அது நிகழ்ந்தது. 2022 ஜூனில் மீண்டும் வெடித்தது.

'தெரியவில்லை' என்னும் பதிவு

யூ ஸ்கார்பி சராசரியாகப் பத்தாண்டுகளுக்கு ஒருமுறை வெடிக்கிறது. 1863க்கும் 1906க்கும் இடையே 43 ஆண்டுகள். அந்த இடைவெளியில் இரண்டு அல்லது மூன்று வெடிப்புகள் யார் கண்ணிலும் படாமல் போயிருக்க வேண்டும். அதன் வெடிப்பு சில நாள்களிலேயே தணிந்துவிடும். ஆண்டுதோறும் சூரியன் அவ்வழியே கடக்கும் வாரங்களில் பார்க்கவே முடியாது. ஆகவே தவறுவது எளிது. எனினும் எந்தெந்த இரவுகளில் வெடிப்பு நிகழவில்லை என்று உறுதியாகச் சொல்ல முடிந்தால், தவறவிட்ட வெடிப்புகளுக்கான காலச் சாளரம் குறுகும். இரு வெடிப்புகளுக்கு இடையே வெண்குறுமீனின் மேல் எவ்வளவு பொருள் படிகிறது என்ற கணக்கும் கூர்மையடையும். வெண்குறுமீன் மெல்லப் பருத்து வரம்பைத் தாண்டி முற்றிலும் வெடித்துச் சிதறுமா, ஒவ்வொரு வெடிப்பிலும் படிந்ததைவிட அதிகம் இழக்கிறதா என்ற இன்றைய விவாதம் இந்தக் கணக்கையே சார்ந்துள்ளது.

போக்சனின் மாறொளி விண்மீன் பதிவுகள் அவர் வாழ்நாளில் தொகுக்கப்படவில்லை. அவர் இறந்து 17 ஆண்டுகள் கழித்து, 1908இல், புரூக் என்பவரின் பதிப்பில் அரச வானியல் கழகத்தின் நினைவேடுகளில் அவை வெளிவந்தன. அவ்வாறான தொகுப்புகளைப் படிப்போர் இயல்பாகவே ஒளித்தரம் எழுதப்பட்ட வரிகளைத் தேடுவர். ஒரு குறிப்பிட்ட நாளில் விண்மீனைத் தேடி, காணாமல், 'தெரியவில்லை' என்று எழுதிய வரி பயனற்றதாகத் தோன்றும். யூ ஸ்கார்பி போன்ற விண்மீனுக்கோ அந்த வரியும் ஓர் அளவீடு. மதராஸ் பதிவுகளில் 1863 முதல் 1891 வரை விருச்சிகப் பகுதி நோக்கப்பட்ட இரவுகளை, காணப்பட்டவை, காணப்படாதவை என்ற பாகுபாடின்றி, உச்சிவட்டக் கருவியின் குறிப்புகளோடு ஒப்பிட்டு நாள்வாரியாக அட்டவணைப்படுத்துவது வானியலாளரும் ஆவணக்காப்பக ஆய்வாளரும் இணைந்து செய்யத்தக்க பணி. கணக்குகளைப் படியெடுத்தும் இரவு நோக்கில் முறைவைத்தும் உழைத்த இந்திய உதவியாளர்களின் கைகள் எந்தெந்தப் பக்கங்களில் பதிந்துள்ளன என்பதையும் அதே அட்டவணையின் ஒரு பத்தியாகச் சேர்த்துக்கொள்ளலாம்.